‘ஏழை படும் பாடு’

(பிள்ளைச்சாவடியில் நம் சங்கத்தார் கூட்டிய மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றிச் சில சொல்லுக என்று எம்மைப் பணித்த சங்கத்தார், யாம் ஒரு திரைப்படத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டோம் என்று கேட்டவுடன் சற்றே திகைத்தனர். தமிழ்ப் பண்டிதர்க்கும் படக்காட்சிக்கும் என்னையோ தொடர்பு என்று வினவினாரும் உளர். தொடர்பு உண்டு, அதுவும் நம் புதுவை வழியாகவே உண்டு. யாம் பேசப் புகுந்த படம் 1950-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏழை படும் பாடு’ என்பது. வண்ணம் வருமுன் எடுக்கப்பெற்ற கருப்பு வெள்ளைப் படம். அதன் கதை பிரெஞ்சு நாட்டிற் பிறந்து, புதுவையில் தமிழுடுத்து, கோயமுத்தூரில் உருவங்கொண்டது. அங்ஙனம் வந்த ஒரு பிறநாட்டுக் கதையைத் தமிழ் மக்கள் எதனால் தம்முடையதாகக் கொண்டனர் என்பதே யாம் ஆராய விரும்புவது.

முதலில் மூலநூலைச் சிறிது கூறுவோம். விக்டர் யூகோ என்னும் பிரெஞ்சுப் பெரும்புலவர் 1802-இற் பிறந்து 1885-இல் மறைந்தவர். 1851-இல் லூயி நெப்போலியன் குடியாட்சியைக் கவிழ்த்தபோது அதனை எதிர்த்து நாட்டைவிட்டு அகன்று, ஆண்டுகள் பலவற்றைக் கடல்நடுவண் சிறு தீவுகளிற் கழித்தார். அவ்வாறு கெர்ன்சி என்னும் தீவில் இருந்த காலத்து, 1862-இல் வெளிவந்ததே ‘லே மிசெராப்ள்’ என்னும் நாவல். ஐந்து பாகம், 365 அதிகாரம். நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் படிப்பார்க்கு ஓராண்டு செல்லும். வாட்டர்லூப் போர்க்களத்தைப் பற்றியும் பாரிசு நகரத்துச் சாக்கடைகளைப் பற்றியும் ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு விரித்துரைக்கும் இடங்களில் எம்மைப் போன்றாரும் களைப்படைதல் உண்டு. அதனை மறைப்பானேன்?

கதை ஒரு ரொட்டியில் தொடங்குகிறது. ழான் வால்ழான் மரம் தறிக்கும் கூலியாள். கணவனை இழந்த தமக்கைக்கு ஏழு குழந்தைகள். குளிர்காலத்தில் வேலை இல்லை, வீட்டில் உணவில்லை. ரொட்டிக் கடையின் கண்ணாடியை உடைத்து ஒரு ரொட்டியை எடுத்தான். ஐந்தாண்டுக் கடுஞ்சிறை விதிக்கப்பட்டது. தப்பியோட முயன்றமைக்காக மேலும் மேலும் கூட்டப்பட்டு, மொத்தம் பத்தொன்பது ஆண்டு சென்றது. 1815-இல் வெளிப்போந்தான். அந்த ஏழு குழந்தைகளும் என்னவாயினர் என்பதை அவனறியான்.

விடுதலை பெற்றவன் கையில் ஒரு மஞ்சள் சீட்டுக் கொடுத்தனர். செல்லும் ஊர்தோறும் அதனை அதிகாரிகளிடம் காட்டவேண்டும். அதில் அவன் இன்ன குற்றத்துக்காக இத்தனை ஆண்டு சிறையிலிருந்தான் என்றும், மிகக் கொடியவன் என்றும் எழுதியிருக்கும். தீஞ் என்னும் ஊரை அடைந்தான். பணம் இருந்தும் சத்திரத்தார் இடம் கொடாது துரத்தினர். மற்றொரு விடுதியிலும் அவ்வாறே. சிறைச்சாலையின் கதவைத் தட்டி இரவு தங்க இடம் கேட்டான். இது சத்திரம் அன்று, குற்றம் செய்து பிடிபட்டு வா, கதவு திறப்போம் என்றான் காவலன். நாய்க்கூட்டினுள் நுழைந்தான், நாயும் அவனை விரட்டிற்று. நம் ஊரின் பெயரே சாவடி என்று முடிகிறது. சாவடியென்பது வழிச்செல்வார் இன்னார் இனியார் என்று கேளாது தங்குமிடம். சாவடியற்ற உலகம் எத்தகையது என்பதை யூகோ இந்த ஒற்றை இரவில் எழுதிக் காட்டிவிட்டார்.

கடைசியாக அவ்வூர்ப் பேராயர் வீட்டுக் கதவைத் தட்டினான். அவர் அவனை ‘ஐயா’ என்று மரியாதையுடன் அழைத்து, வெள்ளி விளக்குத் தண்டுகள் இரண்டினை ஏற்றிவைத்து, உடனிருந்து உண்பித்தார். நள்ளிரவில் அவன் அவருடைய வெள்ளித் தட்டுக்களைத் திருடிக்கொண்டு ஓடினான். விடிந்ததும் போலீசார் பிடித்துக் கொணர்ந்தனர். பேராயரோ, “இவற்றை யானே கொடுத்தேன், விளக்குத் தண்டுகளையும் கொடுத்தேனே, ஏன் விட்டுச் சென்றீர்?” என்னும் பொருள்படக் கூறி, அவற்றையும் எடுத்துக் கொடுத்தனுப்பினார். தீமை செய்தவர் வெட்குமாறு அவர்க்கு நன்மையே செய்க என்று வள்ளுவனார் ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில் ஒறுக்கும் முறை கற்பித்தார். வகுப்பில் அக்குறளுக்கு உரை சொல்லும்போது, கேட்கும் மாணவர் அது நடக்கக்கூடியதா என்னும் முகத்தோடு எம்மை நோக்குவர். அதன்பின் யாம் இந்த விளக்குத் தண்டுக் கதையைச் சொல்லுவது வழக்கம். பொழிப்புரையினும் அது நன்றாக வேலை செய்கிறது.

இனி இந்நூல் தமிழான வரலாறு. சிவகங்கையில் 1897-இற் பிறந்த யோகி சுத்தானந்த பாரதியார் புதுவை அரவிந்தர் ஆசிரமத்தில் ஏறத்தாழக் கால்நூற்றாண்டு வாழ்ந்தார். நெடுங்காலம் மௌனம் காத்தவர். வாய் பேசாதிருந்த அக்காலத்தில் கை ஓயாது எழுதிற்று. பிரெஞ்சு அறிந்த அவர், யூகோவின் இந்நாவலை ‘ஏழை படும் பாடு’ என்றும், அவருடைய மற்றொரு நாவலை ‘இளிச்சவாயன்’ என்றும் தமிழாக்கினார். ஆங்கிலவாட்சியில் இருந்த தமிழர்க்கு யூகோ பெரும்பாலும் ஆங்கில நூல்வழியே அறிமுகமானார்; புதுவையார்க்கோ நேரே அறியும் வாய்ப்பிருந்தது. இவ்வூர் 1954 நவம்பர் முதல்நாளில் இந்தியாவோடு இணைந்து, சட்டமுறையில் 1962-இல் முழுதும் சேர்ந்தது. நூல் வெளிவந்து சரியாக நூறாண்டு நிறைந்த ஆண்டு அது. தற்செயலே எனினும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பெயரை நோக்குமின்! மூலத்தின் பெயர் மக்களைக் குறிப்பது. தமிழ்ப் பெயரோ அவர்தம் நிலையைக் குறிப்பது. ‘பாடு’ என்னும் சொல் நம் மொழியில் பல பொருள் உடைத்து. துன்பம், உழைப்பு என்பன இன்று வழங்குவன. பழைய நூல்களிற் பெருமையும் பாடே. ஒலியும் துயிலும் பாடே. இக்கடற்கரையில் வாழும் நம்மவர்க்கு இன்னுமொரு பொருள் சொல்லவேண்டுவதில்லை. வலையில் விழுவது மீன்பாடு. துன்பத்துக்கும் வருவாய்க்கும் ஒரே சொல்லை வழங்கும் மக்கள் வாழ்க்கையை நன்கு அறிந்தவர் என்றே யாம் எண்ணுவோம். கடல் ஆண்டுதோறும் கரையை அரித்து வீடுகளையும் கொண்டுபோகும் பிள்ளைச்சாவடியில் ‘பாடு’ என்றால் உரை வேண்டாம்.

ஆயினும் இப்பெயரால் ஓர் இழப்பும் நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடல் நேர்மையாகாது. பிரெஞ்சு மொழியில் ‘மிசெராப்ள்’ என்றால் துன்புற்றவன் என்பது மட்டுமன்றிக் கீழ்மகன் என்பதும் பொருளாம். துன்புற்றாரும் இழிந்தாரும் ஒருங்கு கலந்து ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போகும் ஓர் எல்லை உண்டு என்றும், அங்ஙனம் ஆனது யார் குற்றம் என்றும் யூகோவே நூலகத்துக் கேட்கிறார். ‘ஏழை’ என்றவுடன் நமக்கு இரக்கம் சுரக்கிறது. ‘கள்ளன்’ என்றால் சுரப்பதில்லை. யூகோ கேட்டது இரண்டாமவனுக்கும் இரக்கம். தமிழ்த் தலைப்பு முதலாமவனோடு நின்றுவிட்டது.

படத்தை எடுத்தவர் கோயமுத்தூர்ப் பட்சிராஜா நிலையத்து எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு. நாமக்கல் கவிஞர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவலை 1954-இற் படமாக்கியவரும் அவரே. நாவல்களை நம்பியவர் எனலாம். ‘ஏழை படும் பாடு’ தெலுங்கிலும் ‘பீதல பாட்லு’ என்னும் பெயரால் அவ்வாண்டே வந்தது. தமிழ்ப் படத்தை நெறிப்படுத்தியவர் கே. இராம்நாத். ஒளிப்பதிவிலே வளர்ந்தவர் ஆதலின், கருப்பும் வெள்ளையும் அவர்க்கு எழுத்துக்கள் போல்வன. லலிதா, பத்மினி, ராகினி என்னும் சகோதரியர் மூவரும் இதில் நடித்தனர். கதைத்தலைவன் வேடம் சித்தூர் வி. நாகையாவினுடையது, வால்ழான் இங்கே கந்தன் ஆயினன். வாகினி நிறுவனத்தின் ‘வந்தேமாதரம்’ (1939), ‘தேவதா’ (1941) என்னும் தெலுங்குப் படங்களில் நாகையாவின் முகத்தைப் படம் பிடித்தவர் இதே இராம்நாத் என்பது கருதத்தக்கது. அந்த முகத்தின் மேடுபள்ளம் அனைத்தும் அவர் அறிந்தவை.

இவ்விடத்து ஒன்று சொல்லவேண்டும். நாகையா 1942-இற் பக்த போதனாவாகவும், 1946-இல் தியாகையராகவும் நடித்துப் புகழ்பெற்றவர். தமிழில் ‘சக்ரதாரி’யிலும் அடியவர் வேடமே. அவரைத் திரையிற் கண்டால் கைகூப்புதற்குப் பழகிய மக்கள் முன்னே, அவரே சிறைக்கைதியாக வந்து நின்றால் என்னாகும்? பேராயர் அவன் உள்ளத்தே கண்ட நன்மையைக் காண்பவர் கண்ணுக்கு முன்னரே அம்முகம் காட்டிவிடுகிறது. ஒருவகையில் இஃது ஆசிரியன் கருத்துக்கு உதவி, ஒருவகையில் தடையுமாம். யூகோவின் வால்ழான் அந்த முதல் இரவில் காண்பார் அஞ்சும் முரடன். நாகையாவைக் கண்டு அஞ்சுவார் யார்? கள்ளனுக்கும் இரங்குக என்ற இடத்தில், தலைப்புச் செய்த அதே மென்மையை நடிகர் தேர்வும் செய்துவிட்டது என்பது எம் துணிபு. ஈகையிற் கையிருப்பைக் கரைத்து 1973-இல் மறைந்த அப்பெரியாரின் நடிப்பில் எமக்குக் குறை ஒன்றும் இல்லை.

அவ்வாண்டு புதுவைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நம் பாரதிதாசனார் இயற்றிய ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியம், ‘பொன்முடி’ என்னும் பெயரோடு மாடர்ன் தியேட்டர்சாரால் 1950-இலேயே படமாயிற்று. ஒரே ஆண்டில் புதுவை எழுத்து இரண்டு திரையேறின.

பிரெஞ்சுக் கதைக்கு வேட்டி கட்டிவிட்டாற் போதுமா, தமிழ்நாட்டில் மஞ்சள் சீட்டு ஏது என்று இப்படத்தைக் குறைகூறுவார் உண்டு. அன்னார்க்கு யாம் விடை கூறுவோம். பிறப்பினாலே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகள் என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடநாட்டில் இயற்றப்பட்டு, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். கைரேகை பதியவேண்டும், இரவில் காவலர் குறித்த இடத்தில் இருக்கவேண்டும், வெளியூர் செல்வதாயின் ராத்திரிச் சீட்டு வாங்கவேண்டும். மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்து எழுந்தோர்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. பெண்ணொருத்தி உட்படப் பலர் மாய்ந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-இல்; இந்தியா முழுமைக்கும் 1952-இல். படம் வந்ததோ 1950-இல். ஆகவே, கொட்டகையில் அமர்ந்து கந்தன் படும் பாட்டைக் கண்டாருள், மூன்றாண்டுகட்கு முன்வரை தம் மடியில் ராத்திரிச் சீட்டை முடிந்துவைத்திருந்தாரும் இருந்திருப்பர் அல்லரோ? வால்ழானாவது ஒரு ரொட்டியைத் திருடினான். இவர்கள் பிறந்ததைத் தவிர ஒன்றும் செய்திலர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊருக்கு அச்சட்டம் செல்லாது. அதனால் நாம் அறியாதிருந்தோம் என்பதற்காக அது நிகழாததாகிவிடாது.

சீட்டு ஒழிந்தாலும் பெயர் ஒழிவதில்லை. யாம் கற்பிக்கும் வகுப்பில் ஒரு சிறுவன், புயற்காலத்தில் தோணிகள் கடலுக்குச் செல்லாத ஒரு வாரத்தில், உடன்பயிலும் மாணவனுடைய சோற்றுப்பாத்திரத்தைத் திறந்து உண்டுவிட்டான். அன்றே விசாரித்து முடித்தாயிற்று. பாத்திரத்துக்கு உரியவனும் மறந்தான். ஆனால் மற்றப் பிள்ளைகள் அவனுக்கு இட்ட பெயர் பள்ளி இறுதிவகுப்பு வரை நின்றது. பெற்றோர் சிலரும் அப்பெயராலேயே அவனை அடையாளம் சொன்னார்கள். இன்று தனக்கெனத் தோணி உடையவன். பெயர் மட்டும் கரையில் இன்னும் கிடக்கிறது.

இனி, எம் பேச்சுக்கு உயிரான பகுதிக்கு வருவோம். வால்ழானை வாழ்நாள் முழுதும் துரத்தும் போலீசு அதிகாரி ஒருவன் உளன். பிரெஞ்சு ஒலிப்பில் அவன் பெயர் ழாவேர். புதுவையார் அந்த முதலெழுத்தை நம் ழகரத்தால் எழுதி மகிழ்வர். தமிழ்ப் படத்தார் ஜாவர் என்றனர். கந்தன் தமிழ்ப் பெயர் பெற, இவன் மட்டும் பிரெஞ்சுப் பெயரோடே நின்றான். அவ்வேடம் பூண்டவர் சீதாராமன். படம் வந்தபின் அவர் ஜாவர் சீதாராமன் ஆனார். ‘அந்த நாள்’ (1954) படத்துக்கு வசனம் எழுதியபோதும், ‘உடல் பொருள் ஆனந்தி’ என்னும் தொடர்கதையால் வாசகரைக் கட்டிப்போட்டபோதும் அப்பெயரே முன்னின்றது. வேடத்தால் அடைமொழி பெற்ற நடிகர் நம் நாட்டிற் பலர். எனினும், ஏழையின் கதையைக் கண்டு கண்ணீர் உகுத்த மக்கள், அவ்வேழையைத் துரத்தினவன் பெயரையன்றோ நாவில் வைத்துக்கொண்டனர்! இது வியப்பன்றோ?

நடிப்பின் திறம் காரணம் என்று சொல்லி நிறுத்தலாம். எமக்கு அது நிறையவில்லை. ழாவேர் கொடியவன் அல்லன். கையூட்டு வாங்கான், பொய் சொல்லான், தவறிழைத்ததாகத் தன்மேலேயே ஐயம் எழுந்தபோது தன்னைப் பதவிநீக்குமாறு தானே சென்று வேண்டுகிறான். அவன் பிறந்த இடம் சிறைச்சாலை. தாய் குறிசொல்பவள், தந்தை கைதி. சட்டத்துக்கு வெளியே பிறந்தவன் சட்டமே தானாக நின்றான். அத்தகையவன் பகைவர் கையில் அகப்பட்டு உயிர்போகும் வேளையில், அவனைக் கொல்லும் உரிமை பெற்ற வால்ழான் கட்டை அறுத்து விடுவிக்கிறான். பின்னர் வால்ழான் அகப்பட்டபோது ழாவேரால் அவனைச் சிறைப்படுத்த முடியவில்லை. விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. விட்டான். விட்டபின் ஆற்றில் விழுந்து மாய்ந்தான்.

இங்கே தமிழ் கற்றார்க்கு ஒரு அரியணை நினைவுக்கு வாராதோ? சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ட கணத்தில், ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் அரியணையிலேயே வீழ்ந்து உயிர் நீத்தான். கோவலனைக் கொல்வித்த அவனை நாம் இன்றும் இகழ்வதில்லை. கோலை வளைத்தவனாக இருந்து, உயிர் கொடுத்து அதனை நிமிர்த்தவன் என்று போற்றுகின்றோம். முறை தவறியதற்கு உயிர் கொடுத்த ஒருவனை இளமையிலேயே கேட்டு வளர்ந்த மக்கள் ஜாவரை இனங்கண்டு கொண்டனர் என்பதே எம் கருத்து. அவனைப் பகைவனாக நோக்காது, பாண்டியனுக்குத் தூரத்து உறவினனாகக் கண்டிருக்கின்றனர்.

ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. அதனையும் நோக்குதல் வேண்டும். பாண்டியன் மாண்டது தன் நீதி பிழைத்தமையால். சட்டத்தைச் சரியாகச் செலுத்தியிருந்தால் அவன் வாழ்ந்திருப்பான். ழாவேருக்கோ சட்டம் பிழைக்கவில்லை. வால்ழான் சட்டப்படி குற்றவாளியே. சட்டம் பிழையாதிருந்தும் அதனினும் பெரியது ஒன்று எதிரே வந்து நின்றது. அதனைக் காணவும் அவனால் முடிந்தது, அதனோடு வாழ மட்டும் முடியவில்லை. சோழனிடம் வரம் கேட்கையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குக என்று கேட்ட மணிமேகலையை நம் முன்னோர் காவியத் தலைவி ஆக்கினர். அவளாயின் அதனோடு வாழ்ந்திருப்பாள். பாண்டியனோடு மணிமேகலையையும் கூட்டிப் படித்தாலன்றி இக்கதை முழுதும் விளங்காது.

இக்கதையைப் பின்னரும் பலர் எடுத்தாண்டனர். 1972-இல் சிவாஜி கணேசன் நடித்த ‘ஞான ஒளி’யும் இதன் வழித்தோன்றலே. பிரெஞ்சு நாட்டில் 1934-இலும் அமெரிக்காவில் 1935-இலும் எடுக்கப்பெற்ற படங்கள் உலகறிந்தவை. அவற்றை ஒப்பிடல் ஈண்டு வேண்டா; இளைஞர் நூலைப் படித்துவிட்டுப் படத்தைக் காண்பாராக.

அவ்வாறு படிப்பார்க்கு ஒரு பக்கத்தை மட்டும் சுட்டிக்காட்டி அமைகின்றோம். ஆற்றில் விழுவதற்குச் சற்றுமுன் ழாவேர் அருகிலுள்ள காவல் நிலையத்துட் புகுந்து, எழுதுகோலும் தாளும் எடுத்துச் சில குறிப்பு எழுதுகிறான். தன்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வால்ழானைப் பற்றியும் இல்லை. சிறைநிர்வாகத்திற் செய்யவேண்டிய சீர்திருத்தங்கள் என்று வரிசையாகப் பத்து எழுதிக் கையெழுத்திட்டு, மடித்து, மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறுகிறான். அவற்றுள் ஒன்று இது: விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைச் சோதனையிடும் வரை காலணி கழற்றிக் கல்தரையில் வெறுங்காலோடு நிற்கவைக்கின்றனர், அவர்களுட் பலர் அதனால் இருமுகின்றனர்.